கட்டைவிரலுக்கு ஒரு நியமனக் கடிதம்

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் ஃபைல் அக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. செத்துப்போனவர்களின் குடும்பத்துக்குப் போக வேண்டிய தொகை எதுவும் அவள் கண்ணைத் தாண்டாமல் போனதில்லை. இறப்புச் சான்றிதழ் அசலா, நாமினியின் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா, டாக்டர் எழுதிய தேதி ஆஸ்பத்திரி முத்திரையோடு இடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒரு நாளைக்கு இருபத்தைந்து ஃபைல் முடிப்பாள். பதினேழு வருஷமாக இதே வேலை. இறப்புப் பிரிவில் ஒரு காலத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். இப்போது மூன்றே பேர். மீதிப் பதினோரு பேர் எங்கே போனார்கள் என்று அவசரப்படாதீர்கள், அங்கேதான் வருகிறேன்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷம் கூட்டத்துக்குள் நீந்தி, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று தொண்டை கிழியக் கத்தியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலப்பக்கம் போயிற்று. பேச்சு போயிற்று. எழுத்தைக் காட்டினால் எறும்பு ஊர்வதைப் பார்ப்பது போலப் பார்த்தார். மிஞ்சியது இடது கை ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்றார் டாக்டர்.

ஒன்றரை வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து, நடுநடுவே வந்து புரட்டிவிடச் சொல்லிவிட்டு அவள் ஆபீசுக்குப் போனாள். ஒருநாள் சாயங்காலம் திரும்பி வந்தபோது கட்டிலில் ஆளைக் காணோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். நாலு மணி நேரம். கூப்பிடக் குரல் இல்லை. இடது கை நகங்களுக்குள் சுவரின் சுண்ணாம்பு ஏறியிருந்தது. அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, நகங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டே அவள் அழுதாள். இனி இவரைத் தனியாக விட்டுப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். வேலையையும் விட முடியாது. வீட்டில் அடுப்பெரிவதே அதனால்தான்.

அந்த நேரம் பார்த்து நிறுவனம் ஒரு சுற்றறிக்கை விட்டது. இனி யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமாம். அக்கா அந்தச் சுற்றறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஈடுபாட்டு மதிப்பெண் மூன்று மாதம் தொடர்ந்து எழுபதுக்குக் கீழே போனால் அனுமதி ரத்து. வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். வேலை செய்கிறவளுக்கு மதிப்பெண் எங்கே குறையப்போகிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள். பாவம், அவளுக்கு ஃபைல்தான் தெரியும், நிறுவனம் தெரியாது.

இப்போது அந்தப் பதினோரு பேருக்கு வருகிறேன். அவர்களை எடுத்து ஈடுபாட்டுத் துறை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஊழியர்கள் வேலையில் எவ்வளவு மனம் ஒன்றியிருக்கிறார்கள் என்று அளப்பது அவர்கள் பொறுப்பு. அதற்கு ஒரு செயலி; சேர்கிற மதிப்பெண்ணையெல்லாம் கூட்டி, நூற்றுக்கு இத்தனை என்று அது சுருக்கிக் காட்டும். அதில் காலையிலிருந்து மாலை வரை மணி அடித்துக்கொண்டே செய்தி வரும். வருகிற செய்திக்கு மூன்று நிமிடத்துக்குள் கட்டைவிரலோ இதயமோ போட்டால் ஒரு மதிப்பெண். "இனிய காலை" என்று பூப்படம் அனுப்பினால் இரண்டு. இயக்குநர் சொல்லும் நகைச்சுவைக்கு விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை போட்டால் ஐந்து. ஒரு ஃபைலை முடித்தால் பூஜ்யம். போதாக்குறைக்கு, ஐந்து நிமிடம் அந்தச் செயலியைத் தொடாமல் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி மஞ்சளாகி, பிறகு "ஆள் இல்லை" என்று காட்டும். ஃபைலை ஒழுங்காகப் படிக்கக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். ஆகையால் நிறுவனத்திலேயே அதிகமாக வேலை செய்த ஃபைல் அக்கா, நிறுவனத்தின் கணக்கில் நாள் முழுவதும் ஆளே இல்லை.

முதல் மாதம் முப்பத்தொன்று. இரண்டாம் மாதம் இருபத்தாறு. குழுத் தலைவர் திரையில் வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல பிள்ளை, எதையும் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பார். இந்தச் சந்திப்புக்கு நிறுவனம் வைத்த பெயர் அக்கறை உரையாடல்.

"அக்கா, உங்க மேல எங்களுக்கு ரொம்ப அக்கறை. அதனாலதான் இந்த எச்சரிக்கைக் கடிதம்."

"தம்பி, இந்த மாசம் மட்டும் ஐநூத்தி முப்பது ஃபைல் முடிச்சிருக்கேன்."

"தெரியும்க்கா. ஆனா அது வேற சாஃப்ட்வேர்."

"ரெண்டையும் சேர்த்துப் பாக்கச் சொல்லேன்."

"கேட்டுட்டேன்க்கா. சேர்த்துப் பாத்தா யாரு என்ன வேலை செய்யறாங்கன்னு தெரிஞ்சுபோயிடும், மனஸ்தாபம் வரும்னு சொல்லிட்டாங்க."

கடிதத்தோடு ஒரு பயிற்சியும் கட்டாயம் ஆயிற்று. டிஜிட்டல் தொடர்புத் திறன், ஆறு வாரம். பயிற்சியாளர் காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். 'சரி' என்று மட்டும் பதில் எழுதினால் எதிரில் இருப்பவர் மனம் புண்படும், 'சூப்பர்' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டால் குழு உணர்வு பெருகும் என்றார். அக்கா கையைத் தூக்கினாள்.

"நான் எழுதறதெல்லாம் செத்தவங்க வீட்டுக்குங்க. அதுல எந்தப் பொம்மை போடறது?"

பயிற்சியாளர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கட்டைவிரல் வேண்டாம். இதயம் போடலாம். ஆனா சிவப்பு கூடாது, நீலம்" என்றார். மறுவாரத்திலிருந்து அந்த நிறுவனத்தின் இரங்கல் கடிதங்கள் எல்லாவற்றிலும் நீல இதயம் அச்சாகி வந்தது.

இதையெல்லாம் கேட்டு நான் இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். தபால் பிரிவில் ஒருவர், அம்மா காலமாகிவிட்டார், மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று செயலியில் எழுதினார். நாற்பது நொடிக்குள் அறுபத்திரண்டு கட்டைவிரல், ஒன்பது கைதட்டல், ஒரு பலூன். அந்த மாதக் கூட்டத்தில் இயக்குநர் அதைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். "பாருங்க, இதுதான் குடும்பம்! ஒருத்தர் அம்மா போனா அறுபத்திரண்டு பேரு நிமிஷத்துல ஓடி வர்றோம்" என்று கண் கலங்கினார். அதற்கும் இருநூறு இதயம் விழுந்தது.

புதன்கிழமை நாலு மணிக்கு மகிழ்ச்சி நேரம். எல்லோரும் கேமராவைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் சேர்ந்து சிரிக்க வேண்டும். பல் தெரிந்தால்தான் செயலி அதைச் சிரிப்பு என்று ஒத்துக்கொள்ளும். நாலு மணிதான் கண்டக்டரைப் புரட்டுகிற நேரமும். ஒரு புதன்கிழமை அவர் வலியில் முனக ஆரம்பித்துவிட்டார். அக்கா கணினியைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே அவர் தோளுக்கடியில் கை கொடுத்துப் புரட்டினாள். தன் நிலையைப் பார்த்துத்தான் இவள் சிரிக்கிறாள் என்று நினைத்துவிட்டார் மனிதர். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. "உங்களைப் பாத்து இல்லீங்க, உங்களைப் பாத்து இல்ல" என்று பல்லை மூடாமலே சொன்னாள். அந்த வாரம் அவளுக்கு நாலு மதிப்பெண் கூடியது.

மூன்றாம் மாதம் பாதி போயிற்று. நாற்பதைத் தாண்டவில்லை. இன்னும் பதினாறு நாளில் ஆபீசுக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஒரு சிக்கலான ஃபைல். ஒரே நாமினியின் பெயரில் இரண்டு கையெழுத்து. ஃபோன் வேறு டிங் டிங் என்று உயிரை வாங்கியது. "சனியனே, சும்மா கெட" என்று அதைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். அது கண்டக்டரின் இடது கைக்குப் பக்கத்தில் விழுந்தது.

மணி அடித்தது. அவர் திரையைத் திருப்பிப் பார்த்தார். எழுத்து புரியாது, படம் புரியும். ஒரு கட்டைவிரல் இருந்தது. தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். மணி நின்றது. மறுபடி அடித்தது, மறுபடி வைத்தார். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல், வேகத்துக்குக் கேட்க வேண்டுமா. சாயங்காலம் அக்கா பார்த்தபோது நூற்றெண்பது செய்திக்கு அவர் பதில் போட்டிருந்தார். மதிப்பெண் ஐம்பத்தெட்டு.

அவளுக்குப் பயமாக இருந்தது. தப்புதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் அது. "நாளைக்கும் டூட்டி இருக்கு, தூங்குங்க" என்றாள். அவர் இடது கையைத் தூக்கி நெற்றியில் வைத்து சலாம் போட்டார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள், கேமரா இல்லாமல்.

அதன்பிறகு வீட்டில் வேலை இரண்டாகப் பிரிந்தது. அவள் ஃபைல் பார்த்தாள், அவர் ஈடுபட்டார். அந்த மாதம் எழுபத்து நாலில் தப்பித்தாள். அடுத்த மாதம் தொண்ணூற்றொன்று. அதற்கடுத்த மாதம் தொண்ணூற்றொன்பது. இயக்குநருக்கே தொண்ணூற்றேழுதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அங்கேதான்.

பெரிய கூட்டம் கூட்டி இயக்குநர் பேசினார். "நான் இந்த நிறுவனத்துக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு ஃபைலக்கூடத் திறந்து பாத்ததில்ல. பெருமையாச் சொல்றேன். ஏன்னா ஃபைல் யாரு வேணா பாக்கலாம். மனசு வெச்சு ஈடுபடறதுக்குத்தான் ஆளில்ல. நம்ம ஃபைல் அக்காவப் பாருங்க! வீட்டுல இருந்துக்கிட்டே தொண்ணூத்தொம்பது! இன்னியிலேருந்து அவங்கதான் நம்ம ஈடுபாட்டுத் தூதர். திங்கக்கிழமையிலேருந்து தினமும் தலைமை அலுவலகத்துக்கு வந்து, வீட்டுலேருந்து வேலை செய்யறது எப்படின்னு எல்லாருக்கும் நேர்ல சொல்லிக் குடுப்பாங்க."

கைதட்டல் பொம்மைகள் திரையை மூடின. அக்காவின் கணக்கிலிருந்தும் ஒன்று போயிற்று; கண்டக்டர் டூட்டியில் இருந்தார்.

அவள் குழுத் தலைவரைக் கூப்பிட்டாள். "தம்பி, எனக்கு இந்தப் பதவி வேண்டாம். சொல்லிப் பாரு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "பதவிய மறுத்தா ஈடுபாடு இல்லைன்னு ஆயிடும்க்கா. மதிப்பெண் பூஜ்யத்துக்குப் போயிடும். பூஜ்யம்னா ஆபீசுக்கு வரணும்."

"ஒத்துக்கிட்டா?"

"ஒத்துக்கிட்டாலும் ஆபீசுக்கு வரணும்க்கா."

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. உள்ளதைச் சொல்லிவிடுவோம், மனிதர்கள்தானே என்று தீர்மானித்தாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

மூன்று பேர் விசாரணைக் குழு திரையில் கூடியது. இயக்குநர், பயிற்சியாளர், சட்ட ஆலோசகர். சட்ட ஆலோசகர் ம்யூட்டில் இருந்தபடியே கடைசிவரை ஆவேசமாகப் பேசினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

"சார், அந்த விரல் என்னோடது இல்ல. என் வீட்டுக்காரரோடது" என்றாள் அக்கா. கணினியைத் திருப்பிக் கட்டிலைக் காட்டினாள். "இவருக்குப் பேச்சில்ல, எழுந்து நடக்க முடியாது. தனியா விட்டா விழுந்துடுவாரு, ஒருவாட்டி விழுந்தாரு. இவர் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான் சார் நான் கேக்கறது. ஃபைல் எத்தன வேணா குடுங்க, பாக்கறேன்."

இயக்குநர் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். அந்நேரம் ஃபோனில் மணி அடித்தது. கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலை வைத்தார்.

"ஒரு நொடி!" என்றார் பயிற்சியாளர், குரல் தழுதழுக்க. "சார், ஒரே நொடி! நான் இருபது வருஷமா சொல்லிக் குடுக்கறேன், இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல."

"அவரு இதுவரைக்கும் ஒரு செய்தியையாவது படிச்சிருக்காரா?" என்று கேட்டார் இயக்குநர்.

"அவரால இப்ப படிக்கவே முடியாது சார்."

"அதான்!" என்று மேசையைத் தட்டினார் இயக்குநர். "படிச்சா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா தாமதம் வரும். இதத்தான் நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக்கிட்டிருக்கேன்."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கடிதம் அப்படி.

'பதினொரு வாரங்களாகத் தாங்கள் ஒரு கட்டைவிரலும் ஒரு இதயமும் இட்டதில்லை என்பது தங்கள் வாக்குமூலத்தாலேயே நிரூபணமாகிறது. ஆகவே தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். அதேவேளை, நிறுவன வரலாற்றிலேயே மிக உயர்ந்த ஈடுபாட்டை வெளிப்படுத்திய ஒருவர் நியமனம் இன்றி உழைத்து வந்ததை எங்கள் மனச்சாட்சி ஏற்கவில்லை. தங்கள் கணவர் தங்கள் இடத்தில் பயிற்சி ஊழியராக நியமிக்கப்படுகிறார். அவர் உடல்நிலை கருதி நிரந்தரமாக வீட்டிலிருந்தே பணியாற்றலாம். பயிற்சிக் காலத்தில் பாதிச் சம்பளம். இனிச் செயலி அவரது கட்டைவிரல் ரேகையை மட்டுமே ஏற்கும். இக்காலத்தில் எச்செய்திக்கேனும் மூன்று நிமிடத்துக்குள் பதில் இடத் தவறினால் நியமனம் ரத்தாகும்.'

அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள், ஃபைலைப் படிப்பது போல. தேதி இடிக்கவில்லை, முத்திரை சரியாக இருந்தது.

குழுத் தலைவர் தானாகவே கூப்பிட்டார். இந்தத் தடவை கேமராவைத் திறக்கவில்லை.

"மனசுல வெச்சுக்காதீங்கக்கா. ஒருவிதத்துல நீங்க கேட்டதுதான கெடைச்சிருக்கு? ஃபைல் எப்பவும் போல அவர் பேருக்கு வரும். யாரு உக்காந்து பாக்கறாங்கன்னு அந்த சாஃப்ட்வேர் கேக்காது."

"நான்தான் பாக்கணும்."

"ஆமாக்கா."

"நான் அங்க வேலையில இல்ல."

"ஆமாக்கா. இன்னிக்கே இருபத்தெட்டு ஃபைல் நிக்குது, பாத்துடுங்க" என்று வைத்துவிட்டார்.

என்ன செய்வாள்? வேறு வேலைக்குப் போனால் கட்டிலைத் தனியாக விட வேண்டும். போகாவிட்டால் அடுப்பு அணையும். அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கணினியில் அவர் பெயரைத் தட்டி, முதல் ஃபைலைத் திறந்தாள். நடந்ததைக் காலையிலேயே அவருக்குச் சொல்லியிருந்தாள், மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு. புரிந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினோரு மணி சுமாருக்குக் கட்டிலில் மணி அடித்தது. நிற்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் ஃபோனை மார்பின்மேல் வைத்துக்கொண்டு திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பார்த்தாள். திரையில் அவள் படம். பழைய அடையாள அட்டையில் இருந்த படம், சுற்றிலும் பூ வட்டம். கீழே, 'புதிய உயரங்களைத் தேடி நம் ஃபைல் அக்கா மகிழ்ச்சியோடு விடைபெறுகிறார்!' அதற்குள் முந்நூறு இதயம் விழுந்திருந்தது. ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டு வந்தது. இரண்டு நிமிடம் பத்து நொடி.

"போடுங்க" என்றாள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். கட்டைவிரல் உள்ளே, மற்ற நாலு விரலும் அதன்மேல்.

"என்னங்க இது, வெளையாடாதீங்க. எல்லாரும் போட்டாச்சு. சும்மா ஒரு பொம்மைதான."

அவர் அவளைப் பார்த்தார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. "ம்ஹும்" என்றார்.

இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் சொல். அவளுக்கு அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. டாக்டருக்குச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும், ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஐம்பது நொடி இருந்தது.

"நீங்க பேசினீங்க. கேட்டுச்சு எனக்கு" என்றாள். "ஆனா இப்ப வேண்டாம் சாமி, அப்புறம் பேசலாம்."

கட்டிலில் முட்டி போட்டு ஏறி, அவர் மணிக்கட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விரல்களைப் பிரித்தாள். சுண்டுவிரல் முதலில் வந்தது. மற்றவை லேசில் வரவில்லை. அவர் உடம்பில் இருந்த பலம் முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது. "ம்ஹும், ம்ஹும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் அழுதுகொண்டேதான் பிரித்தாள். பன்னிரண்டு நொடி இருக்கும்போது கட்டைவிரல் வெளியே வந்தது. அதை இழுத்துத் திரையில் தன் முகத்துக்குக் கீழே இருந்த இதயத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

'நன்றி! உங்கள் உண்மையான ஈடுபாடு எங்களை நெகிழ வைக்கிறது' என்று வந்தது.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அடுத்த மணி அடித்தது. அவள் போர்வையை விலக்கினாள்.